மதில் சுவர் எழுப்பியாச்சு. பிள்ளை யாரிடம் பேசுவான்?

(பூலாம்பாடியில் நம் அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில், பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளிகளில் பணியாற்றும் உளவியல் ஆலோசகர் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி, பேசியது பேசியபடியே சிறிது சுருக்கித் தரப்படுகிறது.)

   

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். என்னைப் பள்ளிகளில் ‘கவுன்சிலர்’ என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். ஒரு பள்ளியில் அப்படிச் சொன்னவுடன் வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் ஓடி வந்து, மூன்று மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்தார். நான் அந்தக் கவுன்சிலர் இல்லை. டாக்டரும் இல்லை, மாத்திரை எழுதமாட்டேன். ஆசிரியரும் இல்லை, மார்க் போடமாட்டேன். பிள்ளைகள் பேச வந்தால் கேட்பதும், பேசாத பிள்ளை ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிப்பதும், பள்ளியில் நடப்பதைப் பார்த்து எங்கே என்ன கெட்டுக்கொண்டிருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்வதும் என் வேலை.

எனக்குக் கொடுத்த தலைப்பு பள்ளிப் பாதுகாப்பு. ‘நம் பள்ளிக்கூடம் பாதுகாப்பாக இருக்கிறதா’ என்று வரும் வழியில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டேன். ‘மதில் சுவர் எழுப்பியாச்சு, கேமரா மாட்டியாச்சு, கேட்டில் ஆள் இருக்கிறார்’ என்றார்கள். நல்ல பதில்தான். அந்தப் பதிலுக்குப் பின்னால் 94 பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவு அடுப்பிலிருந்து கிளம்பிய தீ கீற்றுக் கூரையைப் பிடித்துக்கொண்டது. மாடியிலிருந்து இறங்க வழியில்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் கீற்றுக் கொட்டகைகள் போயின, தீயணைப்புக் கருவி வந்தது, கட்டட உறுதிச் சான்று இல்லாமல் பள்ளி நடத்த முடியாது என்று ஆனது. கட்டடத்தைப் பற்றி நாம் பாடம் படித்துவிட்டோம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நம்மைத் தூங்கவிடாமல் செய்த செய்திகளை எண்ணிப் பாருங்கள். 2012 பிப்ரவரி 9, சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பையன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் கத்தியால் குத்தினான். அவர் இறந்துபோனார். பையனின் படிப்பைப் பற்றி வீட்டுக்கு எழுதி அனுப்பிய குறிப்புகள்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. 2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும் அவர் தங்கச்சியையும் அரிவாளால் வெட்டினார்கள். 2025 ஏப்ரல், பாளையங்கோட்டை. எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து சக மாணவனை வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம். விசாரித்தால், தகராறு ஆரம்பித்தது ஒரு பென்சிலில்.

இவற்றில் எதையாவது மதில் சுவர் தடுத்திருக்குமா? ஆபத்து மதிலுக்கு வெளியிலிருந்து வரவில்லை. காலையில் சீருடை போட்டுக்கொண்டு, கேட்டில் நின்றவருக்கு ‘குட்மார்னிங்’ சொல்லிவிட்டு உள்ளே வந்தது. கேமரா பதிவு செய்யும். கையைப் பிடிக்காது.

நாங்குநேரி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த மாணவர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர், வள்ளியூரில் ஒரு பள்ளியில் படித்தார். ஆதிக்க சாதி மாணவர்கள் சிலர் அவரைத் தொடர்ந்து தொல்லை செய்திருக்கிறார்கள். அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளியிலிருந்து கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது, புகாராகவும் ஆனது. அன்று இரவே வீடு தேடி வந்து வெட்டினார்கள். இதில் என் தொழில் சம்பந்தப்பட்ட இடம் இரண்டு. ஒன்று, அவர் பள்ளிக்கு வராத நாட்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை காரணம் சொல்லாமல் நின்றால், வருகைப் பதிவேட்டில் ‘ஆ’ போடுவதோடு அது முடிகிற விஷயம் இல்லை. அதுதான் முதல் மணி. இரண்டு, புகார் சொன்ன பிறகு வரும் 24 மணி நேரம். புகார் சொன்ன பிள்ளைக்கு மிக ஆபத்தான நேரம் அதுதான். யார் பெயரைச் சொன்னானோ அவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது, அன்று மாலை அவன் எந்த வழியாக, யாரோடு வீடு திரும்புகிறான், வீட்டில் யார் இருக்கிறார்கள், காவல்துறைக்கு யார் சொல்கிறார்கள் என்றெல்லாம் உட்கார்ந்து யோசிக்க ஒரு ஆள் வேண்டும். 45 பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டே ஒரு ஆசிரியர் இதையும் செய்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் அநியாயம், பிள்ளைக்கும் அநியாயம். அந்த மாணவர் காயத்தோடு மருத்துவமனையில் கிடந்து, பிறகு பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தார். அது அவருடைய மன உறுதி. அதில் நம் ஏற்பாட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை நம்மைவிடப் பல மடங்கு. அங்கே துப்பாக்கி. 1999இல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டதில் பலர் இறந்த பிறகு, அதிபருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் ரகசியப் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்தன. பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை எடுத்து, செய்தவர்களின் வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தார்கள். 2002இல் அறிக்கை வந்தது. அதில் இரண்டு விஷயங்களை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடமாட்டேன்.

ஒன்று: நூற்றுக்கு 81 சம்பவங்களில், செய்யப்போகிறான் என்பது முன்பே குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருந்தது. தெரிந்தவர் பெரும்பாலும் இன்னொரு பிள்ளை. நண்பன், கூடப் படிப்பவன், தம்பி. பெரியவர்களிடம் சொல்லவில்லை. ஏன்? யாரிடம் சொல்வது? தலைமையாசிரியரிடம் சொன்னால் அவனுக்கு டிசி கொடுத்துவிடுவார், ‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற பெயர் இவனுக்கு. வீட்டில் சொன்னால், ‘அவனோடு உனக்கு என்னடா சகவாசம்’ என்று முதல் அடி இவனுக்கு. ஆகவே வாயை மூடிக்கொள்கிறான். பள்ளி உளவியலாளர் என்ற ஆள் அந்த இடத்துக்குத்தான் தேவை. சொன்னால் அடி விழாது, பெயர் வெளியே போகாது, ஆனால் ஏதாவது நடக்கும் என்று பிள்ளை நம்பக்கூடிய ஓர் இடம்.

இரண்டு: இப்படிச் செய்கிறவன் இப்படித்தான் இருப்பான் என்று ஒரு உருவம் கிடையாது. நன்றாகப் படித்தவனும் இருந்தான், படிக்காதவனும் இருந்தான். தனியாக இருப்பவனும் இருந்தான், கூட்டமாகச் சுற்றுபவனும் இருந்தான். ஆகவே ஆளைப் பார்த்து, தெருவைப் பார்த்து, பெயரைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. இது நமக்கு ரொம்ப முக்கியம். 2015 செப்டம்பரில் டெக்சாஸில் அஹ்மது முஹம்மது என்ற 14 வயதுப் பையன், தானே செய்த கடிகாரம் ஒன்றை ஆசிரியருக்குக் காட்டலாம் என்று பள்ளிக்கு எடுத்துப்போனான். வெடிகுண்டு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள். வழக்கு நிற்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை உலகமே பார்த்தது. அந்தப் பையனைத் தெரிந்த ஒருவர் அவனோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அது கடிகாரம் என்று தெரிந்திருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இருக்கிறது. வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டூயி கார்னெல் என்ற உளவியலாளர் அதை வகுத்தார். ஒரு பிள்ளை மிரட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உன்ன வெட்டிருவேன்டா’ என்கிறான். நம் ஊரில் ஒரு நாளைக்கு நூறு முறை விழுகிற வார்த்தை. கபடி ஆடும்போது சொன்னானா? சொல்லிவிட்டு அரை மணியில் சேர்ந்து ஐஸ் சாப்பிட்டானா? அது கோபத்தில் வந்த வார்த்தை. மன்னிப்புக் கேட்கவைத்துப் பேசி அனுப்பலாம். அதே வார்த்தையை, யாரை, எப்போது, எங்கே என்று சொல்கிறானா? கையில் ஆயுதம் கிடைக்க வழியிருக்கிறதா? இன்னொருவனைக் கூட்டுச் சேர்க்கிறானா? ஒரு வாரமாக அதையே பேசுகிறானா? அப்படியானால் அது வேறு. மிரட்டப்பட்டவனுக்குச் சொல்லி, இரண்டு வீட்டுக்கும் சொல்லி, தேவையானால் காவல்துறைக்கும் சொல்லி, இவனை எது இங்கே கொண்டுவந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பள்ளி, முதலாமவனுக்கு டிசி கொடுக்கும், இரண்டாமவனை ‘சும்மா சொல்றான்’ என்று விட்டுவிடும்.

டிசி என்றேன். அதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. டிசி கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம். அது பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் பேருந்து ஏறிப் போகிறது, முன்னைவிட அதிகக் கோபத்தோடு.

நம் பகுதிக்கு வருகிறேன். நம் இரண்டு மாவட்டமும் இப்போது பரீட்சை முடிவுகளில் பெரிய பெயர். 2022 பிளஸ் டூவில் பெரம்பலூர் மாநிலத்தில் முதல். 2023 பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூர் முதல், 97.67 சதவீதம். 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் முதல். 2025 பிளஸ் டூவிலும் அரியலூர்தான், 98.82. ஒரு காலத்தில் பின்தங்கிய மாவட்டம் என்று சொல்லப்பட்ட பகுதி இது. ஆசிரியர்களின் உழைப்புக்கு அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நூற்றுக்கு 98 பேர் தேறும்போது, தேறாத அந்த இரண்டு பேர் எப்படிப்பட்ட தனிமையில் இருப்பார்கள்? முன்பெல்லாம் வகுப்பில் பாதிப் பேர் ஃபெயிலானால் ஃபெயிலானவனுக்குத் துணை இருந்தது. இப்போது தெருவில் அவன் ஒருவன்தான். இதையும் பள்ளிப் பாதுகாப்பு என்றே நான் எண்ணுகிறேன். அரிவாளுக்குப் பலியானவர்களைவிட இதற்குப் பலியான பிள்ளைகள் அதிகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் மட்டும் இந்தியா முழுதும் 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். மாநில வாரியாக மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2017 செப்டம்பர் 1. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்த பிள்ளை. உச்ச நீதிமன்றம் வரை போன பிள்ளை. அந்த வீட்டின் துக்கம் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் சொந்தமானது.

நீட் வேண்டுமா வேண்டாமா என்று பேச நான் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஏற்பாட்டை மாற்றினால் உயிர் மிஞ்சும். முன்பு ஃபெயிலானவர்கள் அடுத்த பரீட்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடனடித் துணைத் தேர்வு வந்தது. ஒரு வருஷம் வீணாகாது என்று ஆனது. 2017இல் முதலிடம் இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. இவை மாத்திரை இல்லை, மருத்துவமனை இல்லை. முறையை மாற்றினார்கள், அவ்வளவுதான். பள்ளி உளவியலாளரின் வேலையில் பாதி இப்படிப்பட்டதுதான். பிள்ளையைத் திருத்துவதற்கு முன் பள்ளியின் பழக்கத்தைத் திருத்துவது. மார்க் வரிசைப்படி உட்காரவைக்கிற வகுப்பில் போய் நான் எத்தனை பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்னாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. 2012 சம்பவத்துக்குப் பிறகு உளவியலாளர்களோடு நடமாடும் ஆலோசனை வாகனங்கள் விட்டார்கள். மொத்தம் பத்து. அப்போது மாநிலத்தில் 32 மாவட்டம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்கு எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வண்டி வரும்? பேசப் பயப்படுகிற பிள்ளை இரண்டாவது சந்திப்பில்தான் வாயைத் திறக்கும். வண்டி அதற்குள் அடுத்த மாவட்டத்தில் இருக்கும். பிறகு 14417 உதவி எண் வந்தது, 1098 எண்ணோடு சேர்த்துப் பாடப்புத்தகத்திலேயே அச்சிட்டார்கள். ‘மாணவர் மனசு’ பெட்டி வந்தது. மனநலத்துக்கு 14416, இரவும் பகலும் எடுப்பார்கள். 2021இல் ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாங்குநேரிக்குப் பிறகு நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு ஒரு பள்ளி நல அலுவலர், வட்டாரத்துக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், ஆணும் பெண்ணும் சம அளவில் என்று பரிந்துரை செய்தது. கைக்கயிறு, நெற்றி அடையாளம் பற்றிச் சொன்னதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டு டிவியில் சண்டை போட்டார்கள். ஆலோசகர் பற்றிச் சொன்னதை யாரும் சண்டை போடும் அளவுக்குக்கூட மதிக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பலமான ஆயுதம் 2025 ஜூலை 25 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் படித்த 17 வயதுப் பெண் இறந்த வழக்கில் வந்தது. 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ படிக்கிற எந்தக் கல்வி நிலையமும், தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் வெளியே உள்ள மனநலப் பணியாளரோடு முறையான ஏற்பாடு வேண்டும். மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கக்கூடாது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக்கூடாது. சட்டம் வரும் வரை இது நாடு முழுதும் செல்லும். பள்ளி, கல்லூரி, டியூஷன் சென்டர், விடுதி எல்லாம் இதில் அடக்கம். தனியார் பள்ளியில் கட்டணம் கட்டும் பெற்றோர் இதை எழுத்தில் கேட்கலாம். பஸ்ஸுக்கு இவ்வளவு, ஸ்மார்ட் கிளாஸுக்கு இவ்வளவு என்று ரசீது கொடுக்கிறார்களே, ஆலோசகர் எங்கே என்று கேளுங்கள்.

‘உளவியலாளருக்கு எங்கே போவது, பூலாம்பாடிக்கு யார் வருவார்’ என்று பொறுப்பாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பீகாரில் பதில் இருக்கிறது. நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சங்கத்’ என்ற கோவா அமைப்பு ஒரு சோதனை செய்தது. சில பள்ளிகளில், உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களையே எடுத்து, பயிற்சி கொடுத்து, பள்ளிக்கு ஒருவராக முழுநேரம் உட்காரவைத்தார்கள். வேறு சில பள்ளிகளில் அதே பயிற்சியை அங்கே இருந்த ஆசிரியருக்குக் கொடுத்தார்கள். மற்றவற்றில் வழக்கமான பாடம் மட்டும். 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது. உள்ளூர் ஆள் உட்கார்ந்த பள்ளிகளில் ஒரே கல்வியாண்டில் கேலியும் அடிதடியும் குறைந்தன, மனச்சோர்வு குறைந்தது, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியரிடம் அதே வேலையைக் கொடுத்த பள்ளிகளில் மாற்றமே இல்லை.

ஆசிரியர்கள் கோபப்படக்கூடாது. உங்களுக்கு அக்கறை இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் கையில் பிரம்பும் மார்க்கும் இருக்கிறது. பிள்ளை அதை மறக்கமாட்டான். நேரமும் இல்லை. அந்த உள்ளூர் ஆட்கள் செய்ததும் பெரிய வித்தை இல்லை. பேச்சுப்பெட்டி வைத்தார்கள், வாரந்தோறும் திறந்து, பதிலும் சொன்னார்கள். சுவர்ப் பத்திரிகை நடத்தினார்கள். மாணவர், ஆசிரியர், பெற்றோர் சேர்ந்த குழு கூட்டினார்கள். பேச வந்த பிள்ளையிடம் தனியாகப் பேசினார்கள். கைமீறியதை மேலே அனுப்பினார்கள். நம் பள்ளிகளிலும் மாணவர் மனசுப் பெட்டி இருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

இனி வீட்டு விஷயம். நம் ஊரில் பாதி வீட்டில் அத்தா மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். ஒரு பையன், ஏழாம் வகுப்பு. ஊர் பெயர் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். திங்கட்கிழமை வந்தால் யாரையாவது அடிப்பான். செவ்வாய்க்கிழமை நல்ல பிள்ளை. ஆசிரியர்களுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு என்ன நடக்கிறது என்று கேட்டேன். அத்தா வீடியோ காலில் வருவார். முதல் கேள்வி மார்க். இரண்டாவது கேள்வி, ‘உங்கம்மாவை ஏன் எதுத்துப் பேசுறே?’ வாரம் முழுதும் நன்னியும் அம்மாவும் சேர்த்துவைத்த புகார் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கொட்டும். அவர் அங்கே வெயிலில் நின்று சம்பாதிக்கிறவர். கெட்டவர் இல்லை. அவரிடம் போனில் பேசினேன். முதல் பத்து நிமிடம் மார்க் பற்றியும் புகார் பற்றியும் பேசக்கூடாது, அவன் வளர்க்கிற ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். ஒரு மாதத்தில் திங்கட்கிழமைகள் அடங்கின. எல்லாப் பிரச்சினையும் இவ்வளவு சுலபமாகத் தீராது, இது தீர்ந்தது.

இன்னொன்று, இன்னும் கசப்பானது. பெண் பிள்ளையின் படத்தை எடுத்து ஏதோ செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறான் ஒருவன். நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறோம், மாப்பிள்ளை பார்க்கிறோம். படத்தைப் போட்டவன் பரீட்சை எழுதுகிறான்! தண்டனை யாருக்கு? 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம். அந்தப் பிள்ளை வகுப்புக்குத் திரும்பும் முதல் வாரம் யாரோடு உட்காரும், யாரும் கேட்டால் என்ன சொல்லும், எந்த ஆசிரியை பார்த்துக்கொள்வார் என்பதை ஏற்பாடு செய்யத்தான் எங்களைப் போன்றவர்கள். பதினெட்டு வயதாகாத பிள்ளைக்குக் கல்யாணம் செய்தால் அது குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஜமாஅத் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் பேசி முடிக்கிற விஷயங்களால் எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டது தெரியவந்தால், அது பேசி முடிக்கிற விஷயம் இல்லை. போக்சோ சட்டம், 2012. தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பதே குற்றம், அதற்கும் சிறை உண்டு. பள்ளியில் நடந்தாலும், டியூஷனில் நடந்தாலும், மக்தபில் நடந்தாலும், விடுதியில் நடந்தாலும் ஒரே சட்டம்தான். பிள்ளையின் பெயர் வெளியே வராமல் காப்பதும் அதே சட்டம். ‘மானம் போகும்’ என்று மறைத்தால், அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளை. நம்மிடம் விட்டுவைக்கப்பட்ட அமானிதம் அந்தப் பிள்ளைகள்.

‘மனநல ஆலோசனைக்குப் போனான் என்று தெரிந்தால் நாளைக்கு நிக்காஹ் பேசும்போது சொல்லிக்காட்டமாட்டார்களா’ என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மனக்கஷ்டம் என்றால் ஓதிப் பார்ப்பது, தாயத்துக் கட்டுவது, அதுவும் முடியாவிட்டால் எங்கேயாவது கொண்டுபோய் விடுவது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். ஓட முடியவில்லை. ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை, துஆ செய்யுங்கள், அதோடு மருத்துவமும் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர், உடம்பைக் காப்பது போல மனதையும் காக்க வேண்டும் என்று தனி நூலே எழுதினார். கோபம், பயம், துக்கம், விடாமல் சுற்றும் எண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி சொன்னார். நமக்குப் புதிய விஷயம் இல்லை. நடுவில் விட்டுவிட்டோம்.

அறக்கட்டளைக்கு என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு ஜூனிலும் நோட்டு, பை, கட்டணம் என்று நீங்கள் செலவிடுகிறீர்கள். அதில் ஒரு பங்கை எடுத்து, நம் பகுதியிலிருந்தே சமூகப் பணியோ உளவியலோ படித்த ஒரு பெண்ணையும் ஒரு ஆணையும் நியமியுங்கள். நம் பிள்ளைகளில் அந்தப் படிப்புப் படித்துவிட்டு வேலையில்லாமல் துணிக்கடையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பெரம்பலூர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் மேற்பார்வையில், முதல் வருஷம் இரண்டு பள்ளிகளில் மட்டும் தொடங்கலாம். எந்தச் சமுதாயத்துப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்தால் பள்ளிக்குள் இன்னொரு கோடு போட்டதாக ஆகும். நாங்குநேரியில் நடந்தது கோடு போட்டதால்தான்.

மூன்று நிபந்தனை. அவர் உட்காரும் அறை தலைமையாசிரியர் அறைக்குள் இருக்கக்கூடாது. வெளியிலிருந்து பார்க்கும்படி சன்னல் உள்ள தனி அறை வேண்டும். ஆசிரியர் லீவு போட்டால் அவரை வகுப்புக்கு அனுப்பக்கூடாது. பிள்ளை சொன்னதை அத்தாவிடமோ ஜமாஅத்திடமோ அறக்கட்டளையிடமோ அவர் சொல்லமாட்டார். பிள்ளையின் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, பிள்ளைக்குக் கொடுமை நடந்திருக்கிறது என்றாலோ மட்டும் சொல்லுவார். அதையும் முதல் நாளே பிள்ளையிடம் தெரிவித்துவிடுவார். ‘சம்பளம் நாங்கள் கொடுக்கிறோம், என்ன சொன்னான் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா’ என்று யாராவது கேட்டால் அந்தத் திட்டம் அன்றோடு முடிந்தது. பிள்ளைகளுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும்.

அரசுப் பள்ளியில் இதற்குத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கு முதல் படி பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்கு, கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்கு இல்லாமல், இந்த ஒரு தீர்மானத்துக்காகப் போங்கள். மாணவர் மனசுப் பெட்டியின் சாவி விஷயத்தையும் அன்றே கேளுங்கள். தீர்மானத்தின் மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் மேசையில் இருக்கிறது. தனியாகப் பேச வேண்டியவர்கள் மக்ரிப் வரை இருங்கள், நானும் இருக்கிறேன். வஸ்ஸலாம்.